டேப் ஒட்டிய விளக்கு

பணிமனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் காரைப் பற்றிப் பேச வருவதில்லை, சார். வீட்டில் யாரும் காதுகொடுத்துக் கேட்காததை இங்கே வந்து கொட்டுகிறார்கள். ஹாரன் சரியில்லை என்று ஆரம்பித்து, மருமகன் சரியில்லை என்பதில் முடிப்பார்கள். வரவேற்பு மேஜையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு அது பழகிவிட்டது. நான் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுத வந்திருக்கும் நீங்களும் என்னை அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

என் தம்பியின் காரில் அந்த விளக்கு முதல் தடவை எரிந்தபோது அதில் என் கை இல்லை. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஓடத் தொடங்கும். அப்படிப்பட்ட வண்டி அது. அந்த ஏற்பாடு வேலை செய்யாவிட்டால் மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு வரும். அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கண்ணெதிரே நின்று உயிரை வாங்கும்.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். கல்யாணமானதும் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனான். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. போனில் பேசுவான். "சாப்டியாக்கா?" "ஆச்சுடா." அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை கிடைக்காது. விளக்கு எரிந்த அன்று மட்டும் காலை முழுவதும் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் கதை சொன்னான். என் கண்ணாடியை மாற்றச் சொன்னான். இரண்டாவது டீயும் கேட்டான்.

கோளாறை நான்தான் கண்டுபிடித்தேன். பேட்டரியின் மைனஸ் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். அதன் கிளிப் பாதிதான் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன், சரியாகிவிட்டது. என்னவென்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் கிளம்பிப் போனான். அடுத்த வாரம் வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பிறகு வருடாந்திர சர்வீஸுக்கு வண்டி வந்தது. சொந்தக்கார வண்டி என்றால் வெளியே விடும் முன் நானே ஒருமுறை பார்ப்பேன். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அந்தக் கிளிப்பை மெல்லப் பாதி இழுத்து வைத்தேன். பார்த்தால் பொருந்தியிருப்பது போலவே தெரியும். மேடு பள்ளத்தில் நாலு நாள் குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். மகனுக்குப் பிடித்ததைச் சமைத்துவிட்டுப் போன் போட்டுக் கூப்பிடும் தாய்மார்கள் இல்லையா? எனக்குத் தெரிந்தது இது.

விளக்கு எரியும், அவன் வருவான். மெக்கானிக் வருவதற்குள் பேட்டரி நம்பரைக் குறிக்கும் சாக்கில் நான் பானெட்டைத் திறந்து கிளிப்பை அழுத்திவிடுவேன். வண்டியை வெளியே விடும் முன் மறுபடி பாதி இழுத்து வைப்பேன். எங்கள் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவோம். பாவம், மண்டையை உடைத்துக்கொண்டார். பேட்டரியை மாற்றினார். சென்சாரை மாற்றினார். பானெட் பூட்டு, சீட் பெல்ட், கதவு என்று ஒன்று விடாமல் சோதித்தார்.

"சென்சார் போச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நல்லாத்தான் இருக்குன்னு என் கண்ணு சொல்லுது. நான் யாரை நம்புறது?" என்று ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணை டெஸ்ட் பண்ணுங்க, மீசை," என்றான் தம்பி. "புது வண்டிங்க இது. வாரம் பூரா ஆபீஸ்ல ஒருத்தன் உசுரை வாங்குறான். லீவு நாள்ல இது வாங்குது."

கோபமாகத்தான் பேசினான். ஆனால் என் எதிரில் உட்கார்ந்துதான் பேசினான்.

அவன் மனைவியைப் பற்றி நான் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கலகலப்பான பெண். "அண்ணி, எனக்கு மாமியார் இல்லாத குறையை இந்த வண்டி தீர்த்து வைக்குது. நான் ஏறி உட்கார்ந்தாலே மூஞ்சியைக் காட்டுது," என்பாள். நானும் சிரிப்பேன். அவளுக்கு மலைக்கு அப்பால் ஓர் ஊரில் பெரிய வேலை கிடைத்தது. இருவரும் அங்கேயே குடிபோவதாக ஏற்பாடு. அதைக்கூடத் தம்பி என்னிடம் சொல்லவில்லை. வண்டியை எடுக்க வந்தபோது அவள்தான் சொன்னாள்.

"இந்த வண்டியை நம்பி அவ்வளவு தூரம் எப்படிக்கா போறது?" என்று அவன் கேட்டபோது, "சரியாகட்டும், அப்புறம் போலாம்," என்றேன். ஒருமுறை தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். அவளுடைய புது ஆபீஸ் பொறுமை இழந்தது. அவளும் இழந்தாள்.

கடைசியில் மீசைதான் கெடுத்தார். "இந்த பட்டனை அமுக்கினா அந்த சமாச்சாரமே ஆஃப் ஆயிடும்மா. எஞ்சின் சிக்னல்ல நிக்காது, அவ்வளவுதான். விளக்கு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது," என்று சொல்லிவிட்டார். அவள் என் மேஜையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, நகத்தளவு கிழித்து, விளக்கின் மேல் ஒட்டினாள்.

"தீர்ந்துச்சு அண்ணி உங்க தம்பி வியாதி!"

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை மாதம் அவனை என் எதிரே உட்கார வைத்த விளக்கு. நகத்தளவு டேப் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. எனக்கு ஏற்பட்ட எரிச்சலை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய அறிக்கையை ஒருவர் படிக்காமலே மூடி வைத்தால் இருக்குமே, அந்த மாதிரி.

டேப் ஒட்ட முடியாத கோளாறாக ஒன்று தேவைப்பட்டது. ஊருக்குப் போகும் முன் கடைசியாக ஒரு சோதனைக்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். நான் கிளிப்பைத் தொடவில்லை. பேட்டரி முனையை இறுக்கும் நட்டைத் தளர்த்தினேன். விரலால் திருகினாலே சுற்றும் அளவுக்கு. வண்டி தெருமுனை தாண்டாது, திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சாமான் லாரியில் வீட்டு ஆள் ஒருவர் கூடப் போவது நல்லது என்று தம்பியிடம் சொன்னது நான்தான். கண்ணாடிப் பொருட்கள் இருந்தன. "அவ நல்லாத்தான் ஓட்டுவா. நீ லாரியில போடா," என்றேன். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

வண்டி தெருமுனை தாண்டியது. ஊரையும் தாண்டியது. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் பேட்டரித் தொடர்பு அறுந்து, மின்சாரத்தில் இயங்கும் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. லாரி பின்னால்தான் வந்திருக்கிறது. அவள் திருப்பப் பார்த்ததைத் தம்பி பார்த்தான். இரண்டு கையாலும் திருப்பினாளாம். அதற்கப்புறம் நடந்தது உங்கள் புகைப்படங்களில் இருக்கிறது.

நட்டை மீசை சரியாக இறுக்கவில்லை என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். அவர் இறுக்கினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செய்யாத தப்புக்கு ஒரு மனிதரின் பிழைப்பு போகக்கூடாது. என் பெயரை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். போலீஸுக்கும் இதையே சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தம்பிக்கு மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். தினமும் காலையில் இங்கே வந்துவிடுகிறான். இந்த நாற்காலியில்தான் உட்காருகிறான். "அந்த வண்டிக்கு என்னதான்க்கா ஆச்சு? நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்," என்று கேட்கிறான். நேற்று மத்தியானம் வரை இருந்தான். காரணம் தெரிந்துவிட்டால், சார், அப்புறம் அவன் எதற்கு வருவான்?