வெள்ளிக்கிழமை பீர் இல்லை

— ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரா வில்ஃப் என் பப்புலதான் இருந்தான்.’ அவ்வளவுதான். போலீஸ் வந்து கேட்டா இதைச் சொல்லணும், அண்ணி. எங்க, ஒரு தரம் சொல்லுங்க பாப்போம்.

— முதல்ல உக்காரு வில்ஃப். மத்தியானத்துல பின் கதவை இந்த இடி இடிச்சா தெருவே எட்டிப் பாக்கும்.

— உக்காந்தாச்சு. டீயில சர்க்கரை வேண்டாம், உங்க ரேஷனை என்மேல வீணாக்காதீங்க. ம், சொல்லுங்க.

— நிஜமா எங்க இருந்த?

— சிரிக்கக் கூடாது. என் ரூம்ல. வாளி வெந்நீர்ல கடுகுப் பொடியைப் போட்டு ரெண்டு காலையும் விட்டுக்கிட்டு, தலையில போர்வையோட தும்மிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரம்மா தங்கச்சியைப் பாக்கப் போயிட்டா. சாட்சின்னா அந்த வாளிதான்.

— அப்ப அன்னிக்கு சாயங்காலம் சிட் ஹாலமைக் குத்திக் கொன்னது நீ இல்ல.

— நானா? மாரிஸ் கூட்டத்துல என் வேலை கார் ஓட்டுறது, மாரிஸ் சிரிச்சா சிரிக்கிறது. மீன் கடையில மீன் என்னை முறைச்சாலே நான் முகத்தைத் திருப்பிக்குவேன். நாய் ரேஸ்ல சிட்கிட்ட பந்தயம் கட்டி ஒரு நாளும் நான் ஜெயிச்சதில்லதான். அதுக்காகக் கொல்லுறதுன்னா பாதி லண்டன் உள்ள போகணும்.

— செய்யாதவன் எதுக்குப் பொய் சொல்லணும்?

— அதான் கூத்து. வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கேன், அதுக்குத்தான் பொய் வேண்டியிருக்கு. ஏற்கெனவே ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் ‘சளியோட தனியா கிடந்தேன்’னா எவன் நம்புவான்? மாரிஸ்தான் சனிக்கிழமை வந்தான். என் கட்டில்லயே உக்காந்தான், கூடப் பொறந்தவன் மாதிரி. ‘பயப்படாதே வில்ஃப், உன் அண்ணி ஐவியோட பப்புல இருந்தேன்னு சொல்லு. கடை நிறைய நம்ம பசங்க, எல்லாரும் உன்னைப் பாத்ததாச் சொல்லுவாங்க’ன்னான். ஒரு ஆரஞ்சு வேற கொண்டாந்தான், அண்ணி. யுத்தம் முடிஞ்சும் ஆரஞ்சை எவன் கண்ணுல பாக்குறான்?

— போலீஸ்ல சொல்லிட்டியா?

— காலையிலயே. இன்ஸ்பெக்டர் க்ரீவ்ஸ் கூப்பிட்டு உக்கார வச்சார். நான் அளந்து விட்டதுல எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. ஒரே கூட்டம், எவனோ பியானோவைப் போட்டு அடிக்கிறான், நான் மூணு கிளாஸ் பீர் குடிச்சேன்... எழுதிக்கிட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டு, வீட்டுக்குப் போங்கன்னார். ரொம்ப மரியாதை.

— வில்ஃப். வெள்ளிக்கிழமை நான் கடையே திறக்கல.

— என்ன சொல்றீங்க?

— பீர் வரல. லாரிக்காக நாலு மணி வரைக்கும் பாத்துட்டு, ‘பீர் இல்லை’ன்னு பலகை மாட்டிப் பூட்டிட்டேன். இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

— எனக்குத் தெரியாதே. நான் வாளியில இல்ல இருந்தேன்... அப்ப பாவம், மாரிஸுக்கும் தெரிஞ்சிருக்காது.

— பலகையை மாட்டினதே மாரிஸ்தான். எனக்கு எட்டலன்னு நாற்காலி போட்டு ஏறி மாட்டினான்.

— கொஞ்சம் இருங்க.

— வில்ஃப்.

— இல்ல, கொஞ்சம் இருங்க அண்ணி. அந்த ஆரஞ்சை அவனே உரிச்சான். சுளை சுளையா எடுத்து என் கையில கொடுத்தான்.

— டீயைக் குடி.

— தூக்குதான். பூட்டின கடையில மூணு கிளாஸ் குடிச்சவனைத் தூக்குல போடாம என்ன செய்வாங்க? இல்ல, வழி இருக்கு. கடைதானே பூட்டியிருந்துச்சு, அடுப்படி பூட்டலையே? பின் கதவு வழியா வந்தேன், உங்களோட உக்காந்து சீட்டாடினேன். கூட்டம், பியானோ எல்லாம் உங்க பேருக்காகச் சொன்ன பொய். யுத்தத்துல புருஷனைப் பறிகொடுத்தவ வீட்டுல கொழுந்தன் தனியா இருந்தான்னா ஊர் என்ன பேசும்? அதுக்குப் பயந்து மறைச்சேன். நீங்க சொன்னா நம்புவாங்க.

— முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— கேவலம்தான். பெர்ஸி அண்ணன் இருந்தா இங்கயே போட்டு மிதிச்சிருப்பான். ஆனா என் கழுத்து, அண்ணி. பாக்க லட்சணமா இல்லதான். என்ன செய்ய, இருக்கிறது அது ஒண்ணு.

— பெர்ஸி போனப்புறம் இந்த வீட்டுல நான் ஒத்தையா பட்டது உனக்குத் தெரியும்.

— தெரியும். அதுக்கென்ன இப்ப?

— நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் சார்ஜென்ட் வந்துட்டுப் போனார். கடை பூட்டினதுலருந்து அடுப்படியில என்கூட ஒரே ஒருத்தர்தான் இருந்தார்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு.

— அம்மாடி. நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாலயே எனக்காகச் சொல்லிட்டீங்களா? இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இப்படி வேர்த்திருக்க மாட்டேனே.

— மாரிஸ்னு சொன்னேன்.

— மாரிஸா? ஓ... சரி. சரி அண்ணி. அவன் இங்க இருந்திருந்தா, இருந்தான்னுதானே சொல்லுவீங்க. அதுல உங்க தப்பு என்ன இருக்கு?

— பலகையை மாட்டிட்டுப் போனவன் பத்து மணிக்கு மேலதான் திரும்பி வந்தான், வில்ஃப். சட்டையைக் கழட்டிக் கொடுத்தான். நான்தான் துவைச்சேன்.