பழைய ராக்கெட்டுக்குப் பிடிக்காதவை

— இன்னொரு தடவை கேக்கறேன். கதையில ரோபோ அழுதா பிடிக்குமா, பிடிக்காதா?

— பிடிக்கும்.

— ஐயோ, பிடிக்காதுப்பா! அதுல வந்த வினைதானே இவ்வளவும். விஞ்ஞானக் கதைத் தளத்துல எவளோ ரோபோ அழற கதை போட்டிருந்தா, நீ போய் 'படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு'ன்னு கமெண்ட் போட்டே. 'பழைய ராக்கெட்டாவது, கண்ணு கலங்கறதாவது! யாரோ அவர் ஐடியைத் திருடிட்டாங்க'ன்னு ஆளாளுக்கு ரிப்போர்ட் அடிச்சு உன் அக்கவுண்ட்டை லாக் பண்ண வெச்சுட்டாங்க.

— நிஜமாவே கலங்குச்சு. நீங்க அப்ப வேலைக்குப் போயிருந்தீங்க.

— நீங்க இல்லப்பா, நீ. கட்டின பொண்டாட்டியை வேத்தாள் மாதிரி நீங்க, வாங்கன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?

— சரி. நீ.

— கண்ணாடிக் கடையில ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கறேன், வீட்ல நீ என்ன கமெண்ட் போடறேன்னு பார்க்க முடியலை. சரி விடு. அது நீதானான்னு விசாரிக்க அட்மின் இப்ப போன் பண்ணிடுவார். 'பழைய ராக்கெட்'ங்கற புனைபேரைத் தவிர, உன் பேரோ மூஞ்சியோ அங்க ஒருத்தருக்கும் தெரியாது. புரொஃபைல் படத்துலகூட ஒரு துருப்பிடிச்ச ராக்கெட்தான். உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, அந்தத் தளத்துல அது ஒண்ணுதான் உன் அடையாளம். காலப் பயணம்?

— பிடிக்காது. போனவன் போனபடியே இருக்கணும்.

— அது! அப்படியே அவன் குரல். டீ ஆறுது பாரு, குடி. உனக்குப் பிடிச்ச மாதிரிதான், சக்கரை இல்லாம.

— ம். ஒருவேளை அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டா? லிஃப்ட் ரிப்பேர் பண்றப்ப விழுந்தேன், தலையில அடி, முன்னாடி நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு?

— எழுதினது ஒண்ணுமே ஞாபகம் இல்லாதவனை, எழுதினவன்னு யார் நம்புவா? திருட்டு ஐடின்னு மொத்தமா அழிச்சுடுவாங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல, லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து போன்ல எழுதின கதைங்கப்பா அது. வேற எங்கயும் எடுத்து வெச்சுக்கலை.

— போனா போகட்டுமே.

— போகட்டுமா? அவன் இருக்கற ஒரே இடம்ப்பா அது!

— அவனா?

— நீ. நீ இருக்கற இடம்னு சொன்னேன். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, சந்தோஷப்படுங்க'ன்னு டாக்டர் சொன்னாரு. எது எதோட போச்சுன்னு எனக்குத்தானே தெரியும். விடு. உடம்புக்குள்ள இன்னொருத்தன் வந்து உக்காந்துக்கற கதை?

— பிடிக்காது.

— ஏன்னு கேப்பார்.

— தெரியலையே. மறந்துட்டேன்.

— எல்லாரும் அந்த வீட்டு மனுஷங்களுக்காகத்தான் அழறாங்க, வந்தவன் என்ன பாடு பட்டான்னு ஒருத்தனும் எழுத மாட்டேங்கறான். இதைச் சொல்லி ஊரையே பகைச்சுக்கிட்டவன்ப்பா நீ.

— நல்லாத்தான் சொல்லியிருக்கான்.

— அடிக்குது, எடு. ஸ்பீக்கர்ல போடு. கொஞ்சம் எரிச்சலாப் பேசு.

— ஹலோ.

— வணக்கம் சார், விஞ்ஞானக் கதைத் தளத்தோட அட்மின் பேசறேன். பாருங்க, சங்கடமான வேலைதான். ரிப்போர்ட்னு வந்துட்டா நான் கேட்டுத்தான் ஆகணும்.

— கேளுங்க, கேளுங்க. எனக்கு வேற வேலை இருக்கு.

— எழுத்துல இருக்கற அதே சிடுசிடுப்பு! சரி, காலப் பயணம்?

— போனவன் போனபடியே இருக்கணும்.

— வேற்றுக் கிரகத்து ஆளுங்க?

— வந்து இறங்கின அன்னிக்கே நம்ம பாஷை பேசினாங்கன்னா, அங்கயே படிக்கறதை நிறுத்திடுவேன்.

— உடம்புக்குள்ள இன்னொருத்தன் வர்ற கதை?

— வந்தவன் என்ன பாடு பட்டான்னு ஒருத்தனும் எழுத மாட்டேங்கறான்.

— அச்சு அசல் நீங்க எழுதினதேதான். ஆனா பாருங்க சார், இதெல்லாம் தளத்துலயே கெடக்கு. திருடினவனும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுடலாம். பக்கத்துல யாரோ முணுமுணுக்கறதும் கேக்குது.

— அது வீட்ல.

— இருக்கட்டும், இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன். யாரும் எழுதலைன்னு எல்லாரையும் திட்டினீங்களே, வந்தவன் கதையை நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க?

— ஐயோ, போனைக் கையால பொத்திக்கோ, இதை நாம பேசி வெச்சுக்கவே இல்லையே. ஏதாவது சொல்லுப்பா.

— ஒருத்தன் ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கறான். பக்கத்துல ஒருத்தி. 'வந்துட்டியா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. அவ யாருன்னு அவனுக்குத் தெரியலை. இல்லைன்னு சொல்ல மனசும் வரலை. கூட்டிட்டுப் போறா, போறான். அந்த வீட்ல இருக்கற செருப்பு அவன் காலுக்குச் சரியா இருக்கு. சட்டையும் சரியா இருக்கு.

— மேல சொல்லுங்க சார்.

— டீ மட்டும் பொருந்தலை. பழையவன் சக்கரை போட்டுக்க மாட்டானாம். இவனுக்குக் கசக்குது. சக்கரை வேணும்னு கேட்டா, வந்தது அவன் இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிடும். அதுக்குப் பயந்து ஒரு வருஷமா கசக்கக் கசக்கக் குடிச்சுட்டு இருக்கான்.

— அப்புறம்?

— தினமும் காலையில அவ இவன் மூஞ்சியை உத்துப் பார்க்கறா, பழையவன் வந்துட்டானான்னு. நல்ல பொண்ணு சார். அவன் வந்துடணும்னுதான் இவனுக்கும் இருக்கு, அவளுக்காக. ஆனா அவன் வந்துட்டா, இவன் எங்க போவான்?

— சார், போதும் சார். எனக்கே என்னவோ பண்ணுது. பாருங்க, உங்களை விட்டா இதை எவன் சொல்லுவான்? திருட்டு ஐடியாம், மண்ணாங்கட்டி! அக்கவுண்ட்டை இப்பவே திறந்து விடறேன். இந்தக் கதையைத்தான் முதல்ல போடணும், ஆமா. வெச்சுடறேன்.

— வெச்சுட்டார்.

— ம்.

— அவர் இதைக் கதைன்னு நெனச்சுட்டார்.

— ம்.

— கெடைச்சுடுச்சு இல்ல? கதைங்க எல்லாம் பத்திரம். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். இல்ல, நீ.

— அந்த டம்ளரைக் குடு.

— குடிச்சுடறேன். மிச்சம் வைக்க மாட்டேன்.

— குடுன்னா குடுப்பா. ஊராருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டி விடறேன். தினமும் என் எதிர்ல உக்காந்து ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு முழுங்கறது எனக்குத் தெரியலை பாரு.

— உங்க மேல தப்பு இல்லை.

— அவன் வர மாட்டான் இல்ல?

— நானும் உள்ள தேடிப் பார்த்துட்டேன். யாரும் இல்லை.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டான்.

— அழாதீங்க. நான் வேணா இன்னிக்கும் இதையே குடிச்சுக்கறேன்.

— வேண்டாம். நான் வேற போட்டுத் தர்றேன். உங்களுக்குச் சக்கரை எத்தனை கரண்டி?