குலையில்லாத வாழைக்கு ரெண்டு முட்டு

முன்னொரு காலத்துல ஆத்துக்குத் தென்கரையில இலுப்பைக்கரைன்னு ஒரு ஊராம். ஊரைச் சுத்தி வாழை, வாழையை விட்டா வானம். அங்கே மருதமரத்தடியில பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரு உலகநாத அண்ணாவி. வாத்தியாரை அப்போ அண்ணாவின்னுதான் கூப்பிடுவாங்களாம்.

அவரு குரலு சீவாளி உடைஞ்ச நாதசுரம் மாதிரி இருக்குமாம். "ஏலே! குலை தள்ளின வாழைக்கு எத்தனை முட்டு?"

"ரெண்டு, அண்ணாவி!"

"ஒரு கம்பு போதாதா?"

"காத்து மறுபக்கம் அடிச்சா சாஞ்சிரும், அண்ணாவி!"

"பேச்சும் அப்படித்தாம்லே. எவன் என்ன சொன்னாலும் முட்டு எங்கேன்னு கேளு. நானே சொன்னாலும் கேளு."

இப்படி இருக்கையில, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட வாழைக்குலையை யாரோ வெட்டிட்டுப் போயிட்டாங்க. ஊரே கொதிச்சுது. தோப்புக்குப் பக்கத்துல கைப்பிள்ளையோட குடியிருந்தா மாடத்தி, புருசனைப் பறிகொடுத்தவ. அவ சேலையில புதுசா வாழைக்கறை இருந்ததை அண்ணாவி பார்த்திருந்தாரு. பார்த்ததை ஊர் கூடின சபையில சொன்னாரு. அதோட விட்டாரா? "இவதான் வெட்டியிருக்கணும்"னும் சொன்னாரு.

ஊர்த்தலைவரு பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி பேசுவாராம். "ம்ம்... அண்ணாவியே சொல்லியாச்சு, பிறகென்ன? ஏளா மாடத்தி, பிள்ளையத் தூக்கு. பொழுது சாயுமுன்ன ஊரெல்லையைத் தாண்டிரணும்."

"நான் வெட்டலை சாமி." அந்த ஒரே சொல்லுதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு, பிள்ளைய இடுப்புல எடுத்து வச்சாளாம்.

அப்போ கூட்டத்துக்குள்ள இருந்து கீச்சுக்கீச்சுன்னு சத்தம். அண்ணாவிகிட்டப் படிக்கிற பிள்ளைகள்தான். "முட்டு எங்கே, அண்ணாவி?"

"சேலையில கறை. அதுதாம்லே முட்டு."

"அது ஒரு கம்புதானே! காத்து மறுபக்கம் அடிச்சா?"

"மாடத்தியக்கா தெனமும் கூலிக்கு இலை அறுக்கா. கறை படாம இருக்குமா?"

"உங்க வேட்டியிலயும் கறை இருக்கே, அண்ணாவி!"

யாரோ சிரிச்சாங்களாம். அண்ணாவி சிரிக்கலை. குனிஞ்சு வேட்டியைப் பார்த்தாரு. காலையில சாப்பாட்டுக்கு இலை அறுத்த கறை. நிமிர்ந்தா, மாடத்தி இடுப்புல இருந்த பிள்ளை அவரையே பார்த்துக்கிட்டு இருக்கு. தலைவரு பக்கம் திரும்பினாரு.

"தலைவரே, என் பேச்சுக்கு முட்டு பத்தாது. அது விழுந்துட்டுது."

"ம்ம்... நீரு சொன்னாப் போதாதா ஓய்?"

"போதாது."

தோளுல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு. மாடத்தி முன்னால போயி நின்னாரு. "தாயி, பிள்ளைய இறக்கி விடு"ன்னாரு.

குலையை வெட்டினது யாருன்னு இன்னைக்குவரைக்கும் தெரியாது. ஆனா அந்தச் சபை கூடுற இடத்துல எப்பவும் ஒரு இளவாழை நிக்கும், ரெண்டு பக்கமும் கம்பு முட்டுக் கொடுத்து. ஒருத்தர்மேல பிராது சொல்ல வந்தவங்க ஒரு காரணத்துக்கு ஒரு கம்பைப் பிடிக்கணும், மறு காரணத்துக்கு மறு கம்பைப் பிடிக்கணும். ஒரு கை சும்மா தொங்கினா, பேசாம உக்காந்துரணும்.

"குலையே இல்லாத வாழைக்கு எதுக்குய்யா முட்டு?"ன்னு வெளியூருக்காரங்க கேப்பாங்க.

"அது எங்க அண்ணாவி விழுந்த இடம்"னு சொல்லுவாங்க, அந்த ஊருக்காரங்க.