கடைசி முப்பது பக்கங்கள்

நான் மெதுவாகப் படிப்பவன், சார்ஜென்ட். ஓலோட் ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது அழகா என்று நெவுஸ் கேலி செய்வாள். நெவுஸ் என் மனைவி.

எங்கள் கத்தலான் மொழி நாவல்களை மெதுவாகத்தான் படிக்க வேண்டும். ஒரு பண்ணை வீடு இருக்கும். சொத்து மூத்தவனுக்குப் போகும், இளையவன் பொருமுவான். நடுவில் ஒரு போர் வரும், பிறகு எண்பது பக்கத்துக்கு மழை பெய்யும். கதவு கடைசியில் யார் முகத்தில் சாத்தப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை மழையிலும் நனைகிறோம்.

நெவுஸ் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். ஏப்ரலில் வரும் சான் ஜோர்டி திருநாளில் நான் ரோஜா கொடுப்பேன், அவள் நாவல் கொடுப்பாள். ஊரே அப்படித்தான். முடிவைப் பார்த்துவிட்டுக் கொடுப்பவள் அவள் ஒருத்திதான். நான்கு ஆண்டுகள், நான்கு நாவல்கள். நான்கின் முடிவையும் நான் நெருங்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன எதுவும் தப்பாகப் போனதில்லை. ஐந்தாவது நாவலுக்குச் சத்தியம் வாங்கினேன்.

அக்டோபரில், முப்பது பக்கம் மீதி இருந்தபோது, காளான் பறிக்கக் காட்டுக்குப் போனோம். கூடையோடு முன்னால் நடந்தவள் திரும்பினாள்.

“ஒலெகெர், இன்னும் எத்தன வருஷம் படிப்ப? அந்த மாவு மில்லுக்காரன்தான் தொலைஞ்சுபோன மூத்தவன். வீடு அவனுக்குத்தான். போதுமா?”

“சத்தியம் பண்ணினியே நெவுஸ்.”

“மூஞ்சியப் பாரேன். யாரோ செத்த மாதிரி.”

எங்கள் வீட்டில் பறிப்பது அவள், பார்த்துச் சுத்தம் செய்வது நான், வதக்குவது அவள். காளான் தெரிந்தவன் நான்தான். எங்கள் பக்கத்தில் காளானைப் பிடுங்குவதில்லை. அடுத்த ஆண்டும் முளைக்கட்டும் என்று கத்தியால் அறுப்போம். நச்சுக்காளானைக் காட்டிக்கொடுப்பது தண்டின் அடியில் இருக்கும் பை; அறுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும். அன்று நல்ல பச்சைத் தொப்பிக் காளான்களுக்கு நடுவே அதே நிறத்தில் இரண்டு கிடந்தன. தண்டில் வளையம் இருந்தது; நல்லதில் அது இருக்காது. தூரிகையால் மண்ணைத் துடைத்து, மற்றவற்றோடு தட்டில் வைத்தேன்.

“நல்லாப் பாத்தியா?” என்று அடுப்பிலிருந்து கேட்டாள்.

“பாத்தேன்” என்றேன். பார்த்திருந்தேன்.

வயிறு சரியில்லை என்று தக்காளி தேய்த்த ரொட்டி மட்டும் சாப்பிட்டேன்.

மறுநாள் மருத்துவமனை. என்ன சாப்பிட்டாள் என்று மருத்துவர் கேட்டார். எல்லாம் நல்ல காளான்தான் என்றேன். மூன்றாம் நாள் கொஞ்சம் தேறினாள். அந்த நஞ்சு நடுவில் ஒருநாள் விட்டுக்கொடுக்கும்.

“இன்னும் முடிக்கலையாடா? சீக்கிரம் முடி. முடிக்கிறப்ப உன் மூஞ்சிய நான் பாக்கணும்” என்று சிரித்தாள். அவள் கதை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. முடிவை முன்கூட்டிச் சொல்வது என் வழக்கமில்லை.

ஆறாம் நாள் இறந்தாள்.

அடக்கம் முடிந்து வந்து அந்த முப்பது பக்கத்தைப் படித்தேன். மில்லுக்காரன் யாருக்கும் அண்ணன் இல்லை. வீடு எரிந்துபோகிறது. யாருக்கும் கிடைக்கவில்லை. நெவுஸ் முடிவைச் சொல்லவே இல்லை.

தெரிந்துதான் தட்டில் வைத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னிடம் பொய் சொன்னாள் என்பதையும் எழுதுங்கள். ஐந்து ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. நம்பி ஏமாந்தவன் நான், சார்ஜென்ட்.