கோப்பில் எழுதிய பன்னிரண்டு

ரயிலில் ஜன்னலோர இடம் எனக்குப் பிடிக்காது சார், வெயில் முகத்திலேயே அடிக்கும். அதனால் அதை ஷீனாவுக்கு விட்டுக்கொடுத்தேன். பாறசாலையில் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்குவோம். கொல்லயில் என்ற ஊரில், வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். அந்தச் சின்னப் பயணத்தில் அவளோடு பேசுவதைத் தவிர, வேலை அல்லாத ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் கிடையாது.

குட்டப்பன் முதலாளியின் கம்பெனியில் புரோகிராம் எழுத நாங்கள் இருவர்தான். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைகளில், கொட்டை அவிக்கும் பாய்லர்களில் அழுத்தம் எல்லை தாண்டினால் பர்னரை அணைக்கிற எலக்ட்ரானிக் கார்டு எங்களுடையது. அந்த எல்லை எத்தனை என்பதை, புரோகிராமைக் கட்டித் தரும் ‘மேக்’ என்ற கருவி சிப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அதை மூன்று இடத்தில் சொல்லலாம். கம்ப்யூட்டரின் சூழலில் பொதுவாக எழுதி வைக்கலாம், மேக் படிக்கிற கோப்பில் எழுதலாம், கட்டளை வரியில் அப்போதைக்கு அடிக்கலாம். மூன்றும் முரண்பட்டால் மேக் எதுவும் கேட்காது. சூழலைக் கோப்பு மிஞ்சும், கோப்பைக் கட்டளை வரி மிஞ்சும். ஷீனாவுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். கோப்பில் ஒன்றும் இல்லாததால் அவள் சூழலில் எழுதிய ஏழு கிலோ என்ற சரியான எல்லை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றேழில் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. எங்கள் கம்பெனியில் சிப்பைச் செய்தவர் பெயரை அதன்மேல் ஒட்டுவோம். அந்தப் பெயரில் புகார் வந்தால், அது தீரும்வரை முதலாளி அனுபவச் சான்றிதழ் தரமாட்டார். எல்லை தப்பு என்று புகார் வந்தால் ஒரு மாதமாவது தங்குவாள் என்று நினைத்தேன். கோப்பில் பன்னிரண்டு என்று எழுதினேன்.

கடைசி சிப்பைச் செய்யும்போது அவள் கேட்டாள்.

“நான் போட்டு வச்ச அளவாக்கும் இதுல வரும், இல்லியா அண்ணா?”

“ஆமா மக்கா. நீ பயப்படாண்டாம்.”

கட்டளை வரியில் ஏழு என்று அடிக்கச் சொல்லியிருந்தால் போதும், கோப்பில் இருந்தது செல்லாமல் போயிருக்கும். அவளும் போயிருப்பாள்.

அந்தச் சிப் போன பாய்லரின் சேஃப்டி வால்வைப் பற்றி எனக்குத் தெரியாது என்று முன்பு உங்கள் விசாரணையில் சொன்னேன். தெரியும். இடம் பார்க்கப் போனபோதே, ஒழுகுகிறது என்று அதைக் கம்பியால் இறுகக் கட்டியிருந்தார்கள். பாய்லர்காரர் ராஜையா எனக்குப் பாலில்லாத கட்டன்சாயா வாங்கித் தந்தார். “ஒண்ணும் ஆவாது சார், உங்க கார்டு உண்டுல்லா” என்றார். நல்ல மனிதர். பாய்லர் வெடித்தபோது அவரும், பக்கத்து அறையில் அண்டி தல்லி ஓடு உடைத்துக்கொண்டிருந்த புஷ்பபாயும் செத்துப்போனார்கள். மறுநாள் கோப்பில் அந்த வரியை அழித்தேன்.

சிப்பின்மேல் ஷீனாவின் பெயர் இருந்தது. அவள்மேல் வழக்குப் போட்டார்கள். பெங்களூர் வேலை போயிற்று, பேசி வைத்த கல்யாணமும் நின்றது. ஊரில் யாரும் அவளிடம் பேசவில்லை. கோர்ட்டுக்கு இரண்டு வருஷமும் நான்தான் துணைக்குப் போனேன். ரயிலில் என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். மறைக்கவில்லை, நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆதாரம் போதாது என்று போன வாரம் விடுதலை ஆகிவிட்டாள். திங்கட்கிழமை அக்காளிடம் கத்தாருக்குப் போகிறாளாம். என்னிடம் சொல்லவில்லை, ஸ்டேஷனில் காதில் விழுந்தது.

மனசாட்சி உறுத்தியதால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கோப்பை மாற்றியது நான். அவள் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னதும் நான். ஒரு சந்தேகம் மட்டும் சார். இந்த வழக்கில் சாட்சி சொல்ல அவள் வந்துதான் ஆகவேண்டும், இல்லையா? அதுவரை, வழக்குக்காக வாங்கி வைத்த அவள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கமாட்டீர்கள்தானே?