பிள்ளையார் ஃபோல்டர்

மேஜையைத் துடைக்காமல் என்னால் வேலையில் உட்கார முடியாது. ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதலாக என் டிராயரில் ஒரு மஞ்சள் துணி இருக்கிறது. சீதாலக்ஷ்மி மேடம், நீங்களே ஒருமுறை எல்லோர் முன்னாலும், "கவின்ராஜ் டேபிளைப் பாத்துக் கத்துக்கோங்கோப்பா" என்று சொன்னீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெட்டவன் அல்ல, சுத்தமானவன்.

நம் கம்பெனி விற்பது கல்யாண மண்டபங்களுக்கான புக்கிங் மென்பொருள். சுஹாஸும் சைத்ராவும் அதை எழுதுகிறார்கள். தருண்குமார் சோதித்துப் பார்க்கிறான். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வாடிக்கையாளருக்குத் தயாராக்குவது பில்ட் ஸ்கிரிப்ட். அது என் பொறுப்பு. நிர்வாகம் பார்க்கிற உங்களுக்கு இதெல்லாம் தலையும் தெரியாது, வாலும் தெரியாது என்று நீங்களே சொல்வீர்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீடு மாற்றும்போது சாமான் கட்டுகிற ஆளிடம் எழுதிக் கொடுக்கிற சீட்டு மாதிரிதான் அது. பழைய ஃபோல்டரைத் தூக்கிப் போடு, புது ஃபோல்டர் உண்டாக்கு, இந்த ஃபைலை எடுத்து அங்கே வை, கடைசியில் மூட்டை கட்டு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போகும்.

நம் ஆபீசில் யாரும் எதையும் அழிப்பதில்லை. பில்ட் கம்ப்யூட்டரைத் திறந்தால் 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'கடைசி', 'நிஜமான கடைசி', 'கடைசிக்கு அப்புறம்' என்று ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். எதையாவது அழிக்கப் போனால் சைத்ரா, "இர்லி பிடி கவின், இருக்கட்டும், எப்பவாவது வேணும்" என்பார். ஒரே ஃபைலுக்கு இரண்டாவது பிரதி எடுத்து வைக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. அது பயந்தவர்கள் செய்கிற காரியம்.

பாச்சு சார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கப்பட்டணம் போகும்போது ஸ்கிரிப்டை என்னிடம் ஒப்படைத்தார். அதன் முதல் வரி, 'பிள்ளையார்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கும். உள்ளே ஒன்றுமே கிடையாது. காகிதத்தில் சுழி போட்டுவிட்டு எழுத ஆரம்பிப்பது போல அவர் போட்டு வைத்தது. "அதை மட்டும் தொடாதே கண்ணா" என்றார். ஆறு வருடம் தொடவில்லை. தொடாதே என்றதைப் படிக்கவும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு நீங்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பீர்கள். அதெல்லாம் வெளியே இருப்பது, துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் உள்ளே ஒரு காலி ஃபோல்டர் ஒரு வேலையும் செய்யாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன தசரா விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, அந்த முதல் வரியை எடுத்தேன். ஃபோல்டரையும் அழித்தேன். எனக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு முடியும். அதுவரை நான் காத்திருந்தது காப்பி குடிக்க.

ஒன்பதே காலுக்கு பில்ட் நின்றது. காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாச்சு சார் எந்த ஃபைலையும் நேராக அனுப்பியிருக்கவில்லை. முதலில் பிள்ளையார் ஃபோல்டருக்குள் போ, அங்கிருந்து வெளியே வா, பிறகு போக வேண்டிய இடத்துக்குப் போ என்று எழுதியிருந்தார். ஊருக்குக் கிளம்புகிறவர் தெருமுனையில் கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுவது போல, நானூறு ஃபைலும் இத்தனை வருடமாக அந்தக் காலி ஃபோல்டருக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அது இல்லாமல் போனதும் ஒன்றுகூட நகரவில்லை. எடுத்த வரியைத் திரும்பப் போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குள் நீங்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டீர்கள்.

தருண்குமார் அன்று காலை அந்தக் கம்ப்யூட்டர் தலையில் முட்டை பப்ஸ் வைத்திருந்தான். பூஜை மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுஹாஸ் பப்ஸைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், "ஏனப்பா இது" என்று மட்டும் சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதை நான் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நான் ஒண்ணும் இதெல்லாம் நம்பறவ இல்லே. ஆனா வெள்ளிக்கிழமை மண்டபக்காராளுக்குக் குடுத்தாகணும். எதுக்கு வம்பு?" தருணுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அப்போது உங்கள் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது வந்தால்தான் கொள்ளேகாலிலிருந்து மனைவி நிர்மலாவைக் கூட்டி வந்து இங்கே வீடு பார்க்க முடியும். முகம் வெளுத்துப்போய் அவனே சொன்னான், சாமுண்டி மலை ஆயிரம் படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுகிறேன் என்று.

மறுநாள் காலை துணைக்கு நானும் போனேன், மனிதாபிமானம்தான். குங்குமப் பொட்டலத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படிக்கும் குனிந்தது அவன். பெரிய நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"முடியலைங்ணா. இடுப்பு கழண்டுபோச்சுங்க. ஒரு பப்ஸுக்கு இத்தனையாங்ணா?"

"இன்னும் முந்நூறு படிதான்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவன் மனம் தளர்ந்திருக்கும்.

உச்சியில் ஒரு பூக்கடை நிழலில் லேப்டாப்பைத் திறந்து, முதல் வரியைத் திரும்பப் போட்டேன். தருண் கடைசிப் படியில் பொட்டு வைத்து நிமிரவும், பில்ட் ஓடுகிறது என்று சுஹாஸிடமிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. அவன் அழுதுவிட்டான். என் காலில் விழ வந்தான், நான் தடுத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. பில்ட் நின்றால் தருண் மலை ஏறுவது என்று அதை ஆபீஸ் வழக்கமாக்கியது நீங்கள். இதுவரை ஒன்பது முறை ஏறியிருக்கிறான். அவற்றில் நான்கு மட்டுமே என்னால். முதலாவதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, முதல் முறை நடந்தது தற்செயலா என்று பார்க்க. மூன்றாவது, "ஸ்கிரிப்டை நானும் ஒருக்கா பாக்கட்டுங்களாண்ணா?" என்று அவன் மீட்டிங்கில் கேட்டதற்கு மறுநாள். நான்காவதற்குக் காரணம் சரியாக நினைவில்லை. என் மேஜையில் டீ சிந்தினான் என்று நினைக்கிறேன்.

மற்ற ஐந்தும் மின்வெட்டு, சுஹாஸின் மறதி என்று இயற்கையாக நேர்ந்தவை. அவற்றில் எனக்குப் பங்கில்லை. அவன் ஐம்பது படி தாண்டுவதற்குள் ஒவ்வொன்றையும் நான் சரிசெய்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேண்டுதலைப் பாதியில் நிறுத்துவது நல்லதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நேற்று டாக்டர் அவன் முட்டியைப் பார்த்துவிட்டு, இனிமேல் படி ஏறவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இன்று காலை அறிவிப்புப் பலகையில் 'படி ஏறுபவர்' என்ற இடத்தில் தருண்குமாரின் பெயர் அடிக்கப்பட்டு, கீழே என் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். மத்தியானம் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையார் ஃபோல்டரை அழித்தது நான். பப்ஸ் குற்றமற்றது. ஒன்பது முறை பில்டை நிறுத்திய ராசி என்று நீங்கள் தருணின் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறீர்கள். இன்றே போட்டுவிடுங்கள், நிர்மலா காத்திருக்கிறார். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், மலையைத் தவிர.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டதும் சுஹாஸ் எல்லா ஃபைல்களுக்கும் நேர்வழி எழுதிவிட்டு, இனி அந்தக் காலி ஃபோல்டர் எதற்கு, அழித்துவிடலாம் என்பார். விடாதீர்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும், எப்பவாவது வேணும். எனக்கு அதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் அது போய்விட்டால், அப்புறம் என்னிடம் மிஞ்சுவது நான் எடுத்து வைத்திருக்கிற அதன் வெறும் பதினோரு பிரதிகள்தான்.