மாற்றி வைத்த தோட்டாப் பெட்டி

"ஹலோ... ஹலோ! தெக்லாவா? ... ஆமா, ஆமா, கேக்குது. சேட்டிலைட் போனுல்ல, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது, ஆனா கேக்குது. பிளேன் நல்லபடியாத் தண்ணியில எறங்குச்சா? ... சாமானெல்லாம் எறக்கிட்டியா? ... சரி, சரி. நல்லது. இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குதே, அது என்ன?"

எஃப்ரைம் கேட்டது, மார்போடு கட்டிக்கொள்ளும் உறையில் கிடந்த தன் கனத்த ரிவால்வரைத்தான். மகள் கோடை முழுவதும் அலாஸ்காக் காட்டாற்றுக்குக் குறுக்கே கட்டிய வேலியருகே உட்கார்ந்து சால்மன் மீன் எண்ணப் போயிருக்கிறாள். அந்த மீனுக்காகக் கரடிகளும் வருகிற இடம் அது. ஒரு மாதம் யோசித்து அவளுக்கென்று துடைத்து வைத்த துப்பாக்கியை இப்படி ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"மறக்கலையா? வேணும்னே வச்சுட்டுப் போனியா? ... கனமா? ஏம்மா, கனமாத்தான் இருக்கும். கரடி என்ன கோழிக்குஞ்சா? ... ஆமா... ஆமா, கை ஒதறும்தான். எனக்கும் ஒதறும். ... என்னது? ஒரு குண்டு சுட்டுட்டு அடுத்ததுக்குக் கையை நேராக்குறதுக்குள்ள கரடி உன் மடியில வந்து உக்காந்துருமா? வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. அப்படியே உங்கம்மா."

"அப்ப அந்தக் குட்டை ரைஃபிளையாவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? ... இரு, இரு, நீ பேசி முடி, அப்புறம் நான் பேசுறேன். ரெண்டு பேச்சும் நடுவானத்துல முட்டிக்குது. ... ம். ... ம். ரெண்டு கையிலயும் வலை இருக்கும்... ரைஃபிளை மரத்துல சாச்சு வைப்பே... கரடி வர்றப்ப அது கரையில நிக்கும், நீ இடுப்பளவு தண்ணியில நிப்பே. ... சரிதான். ஒத்துக்கிறேன். சாச்சு வச்ச துப்பாக்கி வெறும் கட்டைதான். அதுக்குத்தானேடி மார்ல கட்டிக்கிற மாதிரி ரிவால்வரைக் குடுத்தேன்!"

"... வேற வாங்கிட்டியா? எப்ப? ... பிஸ்டலா? பத்து மில்லிமீட்டர் குண்டு போடுறதா? ... ம், பதினஞ்சு குண்டு. ... பாதிக் கனம்தானா? ... பத்துக்கு ஒம்பது குறியில அடிச்சியா? அடியாத்தி! ஏன் என்கிட்ட சொல்லல? ... கத்துவேன்னா? நான் எப்பக் கத்தினேன்! ... சரி, இப்பக் கத்துறேன்தான்."

கோபம் பாதி இறங்கிவிட்டது. அவர் ஒரு மாதம் யோசித்ததைவிட அவள் நன்றாகவே யோசித்திருக்கிறாள். வெளியே சொல்லாவிட்டாலும் மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. காபி ஊற்றலாம் என்று திரும்பினார். காபி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டாப் பெட்டி இருந்தது. நேற்றுச் சாயங்காலம் மகளின் பையிலிருந்து அவரே எடுத்து வைத்தது.

"தெக்லா... அந்தப் பிஸ்டலுக்குக் குண்டு எங்க வச்சிருந்தே? ... பக்கவாட்டு ஜிப்புலயா. ... இல்லம்மா, ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். ... மேகசின்ல போட்டுட்டியா? ... இன்னும் போடலியா? ... ஆமா, பைலட் ரஸ் விடமாட்டான். அவன் பிளேன்ல ஏறணும்னா மேகசின்கூடக் காலியா இருக்கணும், தெரிஞ்சதுதானே. ... அந்தப் பெட்டியை எடு கண்ணு. மேல என்ன போட்டிருக்குன்னு படி."

"... நாப்பத்திநாலு. ... ஆமா. ரிவால்வர் குண்டு. ... நான்தான். ... நான்தாம்மா மாத்தி வச்சேன். நேத்து உன் பையைத் திறந்து பார்த்தேன். பத்து மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு, நம்ம ரிவால்வருக்கு நாப்பத்திநாலுதானே. கடைக்காரன் தப்பாக் குடுத்துட்டான், புள்ளையும் பாக்காம வாங்கிட்டு வந்துருச்சுன்னு நெனச்சேன். சொன்னா, என் பையில ஏன் கை வச்சேன்னு சண்டைக்கு வருவே. சொல்லாம மாத்திட்டேன். ... சேராது. திணிச்சுப் பாக்காதே, அது அதுக்குள்ள போகாது. ... திட்டு. நல்லாத் திட்டு. இரு, ரஸ்கிட்ட சொல்லி இப்பவே..."

ஜன்னலைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். ரஸ்ஸின் பிளேன் சற்று முன்தான் தலைக்கு மேல் போய் இறங்கியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூடுபனியும் வந்து, எதிரே இருந்த மலையைக் காணோம். வியாழக்கிழமை வரை இப்படித்தான் என்று ரேடியோ காலையிலேயே சொல்லிவிட்டது. அவளோடு வேலை பார்க்க வேண்டிய பெண்ணும் வியாழக்கிழமைதான் அங்கே போய்ச் சேருவாள்; அதுவரை தெக்லா தனி.

"... என்னம்மா? ஏன் மெதுவாப் பேசுறே? ... கரடியா? வேலிக்கு அந்தாண்டையா? ... குட்டியோடயா? எத்தனை? ... ரெண்டு. ... எவ்வளவு தூரம்? ... ஐயோ. இல்ல, ஐயோன்னு சொல்லல, தொண்டையைச் செருமினேன்."

"ஓடாதே! எது நடந்தாலும் ஓடாதே. பெப்பர் ஸ்ப்ரே வச்சிருக்கியா? ... இடுப்புலயா? நல்ல புள்ளை. காத்து எங்கிருந்து அடிக்குது? ... உன் மூஞ்சியிலயா. ... அப்ப அங்கிருந்து ஸ்ப்ரேயை அடிச்சா உன் கண்ணுக்குத்தான் திரும்பி வரும். ரொம்பக் கிட்ட வந்தா மட்டும் அடி. ... கேளு, உன் வாசனை அதுக்குப் போகல. நீ நிக்கிறதே அதுக்குத் தெரியாது. திடீர்னு உன்னைப் பார்த்து மெரண்டாத்தான் ஆபத்து. பேசு. சத்தமாப் பேசு. ... பேசு கண்ணு! ... குரல் வரலையா?"

"சரி. சரி, அழாதே. போன்ல ஸ்பீக்கரைப் போடு. போட்டியா? கையை உசத்திப் பிடி. அப்பா பேசுறேன்."

எழுபது மைல் தள்ளி, தன் சமையலறைச் சுவரைப் பார்த்து எஃப்ரைம் கத்தத் தொடங்கினார். துப்பாக்கி கதவுக்குப் பின்னால் ஆணியில் இருந்தது, அவளுடைய குண்டு காபி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டில் எதையும் அனுப்ப வழியில்லை.

"ஏய் கரடி! ஏய்! இங்க ஆள் இருக்கு! கேக்குதா? தாயி, நீயும் புள்ளைக்காரி, நானும் புள்ளைக்காரன். உன் குட்டியை அவ தொடமாட்டா. மீனை எண்ண வந்தவ, உன் பங்கைப் பிடுங்க வந்தவ இல்ல. தப்புப் பண்ணுனது நான். கோவம்னா என்மேல கோவிச்சுக்க. ஏய் கரடி! ஏய்!"

"... தெக்லா, என்ன பண்ணுது? ... எந்திரிச்சு நிக்குதா? பயப்படாதே, யாருன்னு பாக்குது, அவ்வளவுதான். போனை எறக்காதே. ... திரும்புதா? எந்தப் பக்கம்? ... விட்டு விட்டுக் கேக்குதும்மா. ஆத்துப் பக்கமா, உன் பக்கமா? ... தெக்லா? எந்தப் பக்கம்?"

போனில் லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எஃப்ரைமுக்குத் தெரியும். ஆனால் அதற்கு வாயை மூட வேண்டும். மூடினால் அங்கே அவளுக்குத் துணையில்லாமல் போய்விடும் என்று தோன்றியது. செத்த போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏய் கரடி! ... ஏய்! ... நான் இங்கதான் இருக்கேன்!"